முன்னால் அரைத்தது

என் மகள் ஸ்டெஃபிக்கு ஒன்பது வயது, எடை பத்தொன்பது கிலோ. அவளுக்கு சீலியாக் நோய், கோதுமை பட்டால் குடல் புண்ணாகும். கோதுமையை நிறுத்தி எட்டு மாதமாகியும் அந்தப் பத்தொன்பது நகரவில்லை.

"எங்கிருந்தோ கோதுமை உள்ளே போய்க்கிட்டேதான் இருக்கு" என்றார் சேலத்து டாக்டர். "மூணு மாசத்துல கண்டுபிடிங்க. குடல் ஆறலைன்னா பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்துத்தான் ஆகணும்."

நான் மாரமங்கலம் பக்கத்துக் காபி எஸ்டேட்டில் ரைட்டர், கணக்கு எழுதுகிறவன். வரிசை போட்டு எழுதிப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் விளங்கும். வீட்டில் ரவை, மைதா கிடையாது. பெருங்காயத்தில் மைதா கலப்பார்கள் என்று தெரிந்ததும் அதையும் நிறுத்திவிட்டோம். சர்ச்சில் கொடுக்கும் நற்கருணை அப்பம் கோதுமை என்பதால், அதை முதன்முதலாக வாங்கும் அவளுடைய புதுநன்மையைக்கூடத் தள்ளிவைத்திருந்தோம். பிறகு எங்கிருந்து?

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். சீலியாக் உள்ள பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் நானூறு பேர் அதில் இருந்தார்கள். மிளகு காயவைக்கும் களத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று, ஸ்டெஃபி ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எண் போட்டு, 'அன்புள்ள ஐயா, அம்மா அவர்களுக்கு' என்று தொடங்கி எழுதி அனுப்பினேன்.

முதல் பதில், "ஏனுங்க, இது கலெக்டருக்கு மனுவுங்களா?"

சாயங்காலத்துக்குள் அறுபத்தொரு பதில்கள் வந்துவிட்டன. கவின் அம்மா, நாமக்கல். ரிஸ்வான் அத்தா, மஸ்கட். ஒருவரும் தங்கள் பெயரைப் போடவில்லை, பிள்ளை பெயரைத்தான் போட்டிருந்தார்கள். என்ன அப்பளம், என்ன சாம்பார் பொடி, பள்ளிக்கூடத்தில் யார் தட்டில் சாப்பிடுகிறாள் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் கேட்டிருந்தார்கள். மஸ்கட்டில் வேலை முடிந்து வந்த ஒரு மனிதர் என் மகளின் செவ்வாய்க்கிழமை ரசத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக ராசிபுரத்திலிருந்து இளவேனில் அம்மா, எழுதாமல் குரலில் பேசி அனுப்பியிருந்தார். "அண்ணா, மூணாவது வரியில ராகிக் களின்னு போட்டிருக்கீங்க. மாவு எங்கீங்க அரைக்கறீங்க? உங்களுக்கு முன்னாடி அந்த மில்லுல என்ன அரைச்சாங்க?"

என் மனைவி ஜெயகுமாரி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் நொம்பப் பாத்துத்தானுங்க அரைப்பேன். மிளகாய்க்குப் பின்னாடி போட்டா புள்ளைக்கு வயிறு எரியுமுன்னு..." அதோடு நிறுத்திவிட்டாள்.

நாங்கள் அரைக்கிற ஐயாக்கண்ணு மில்லில் எல்லாவற்றுக்கும் ஒரே மெஷின். இவள் ராகியோடு போனால், "இரு கண்ணு, இப்பத்தான் மிளகா ஓடுச்சு. ஒரு கோதுமை ஓடட்டும், மெஷின் சுத்தமாயிரும். அப்புறம் உனக்குப் போடறேன்" என்பார். இவளும் ஒரு மணி நேரமானாலும் காத்திருந்து, கோதுமைக்குப் பின்னால்தான் அரைத்து வந்தாள். எட்டு மாதமும் அப்படித்தான்.

"காத்துக் கெடந்து ஊட்டியிருக்கனேங்க" என்று களத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நடந்ததை நடந்தபடி குழுவில் எழுதினேன். பிறகு, 'நானும் அப்படித்தான் தங்கச்சி, ரெண்டு வருசம்' என்று ஒருவர் எழுதினார். 'எங்க ஊட்டுலயும்' என்று இன்னொருவர். எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூன்று பேர். ஜெயகுமாரி போனை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தாள். கடைசியில் எழுந்து முகம் கழுவிக்கொண்டாள்.

இனி மில்லே வேண்டாம், எவ்வளவு துடைத்தாலும் ஒட்டியிருக்கும் என்றார்கள். அதற்கு என்ன வழி என்று நாங்கள் யோசித்து முடிப்பதற்குள், நான்காம் நாள், ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் என் பெயருக்கு ஒரு பார்சல் வந்து இறங்கியது. பழைய மிக்ஸி. அடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

'கோதுமை தொடாதது. உங்களுக்கென்று ஒன்று வாங்கியதும் அடுத்த வீட்டுக்கு அனுப்பவும்.'

அதற்குக் கீழே ஆறு கையெழுத்தில் ஆறு பிள்ளைகள். கடைசிப் பெயர், இளவேனில், ராசிபுரம். ஆறு வீட்டுச் சமையற்கட்டில் ஓடிய அந்த மெஷினைத் தரையில் வைக்க எனக்குக் கை வரவில்லை. முப்பது கிலோமீட்டரும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

ராகியைக் கழுவிக் காயவைத்து, அதில் அரைத்துச் சலித்தோம். மூன்று மாதம் கழித்து, கோதுமையின் பாதிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை எண் பாதிக்குமேல் இறங்கியிருந்தது. டாக்டர் அவளை எடை மெஷினில் இரண்டு முறை நிற்க வைத்தார். இருபத்தொன்றரை.

எங்களுக்கென்று மிக்ஸி வாங்கிய வாரமே குழுவில் ஒரு புது அப்பா எழுதியிருந்தார், பரமத்தியிலிருந்து. அவருடைய மகனுக்கும் எடை ஏறவில்லையாம். ஸ்டெஃபி தானே பேனாவை எடுத்து, பழைய மிக்ஸியின் அடியில் ஒட்டியிருந்த தாளில் ஏழாவதாகத் தன் பெயரை எழுதி, பக்கத்தில் 'இருபத்தொன்றரை' என்றும் போட்டாள்.

கட்டி அனுப்ப எஸ்டேட் ஸ்டோரிலிருந்து ஒரு சாக்கு கொண்டு வந்தேன். ஜெயகுமாரி அதைக் கையில் வாங்கவில்லை.

"இந்தச் சாக்குல முன்னாடி என்னங்க இருந்துச்சு?"

"காபி" என்றேன்.

குனிந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள்.