நாற்பத்தேழாவது நிமிடத்தின் அமைதி

1

டிஸ்க் வெளியாகிப் பதினேழு நாள், நான்கு மணி நேரம் ஆகிறது. அதில் கடைசி ஒரு மணி நேரம் இந்த முதல் வாக்கியத்துக்கே போய்விட்டது.

இந்தக் கதை, நான் செய்திருக்க வேண்டிய ஒரு போன் அழைப்புக்குப் பதிலாக எழுதப்படுகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போனில் பேசத் தைரியம் இருப்பவர்கள் கதை எழுத வேண்டியதில்லை.

(மேலே உள்ள வரி எனக்குச் சாதகமாக இருக்கிறது. அடித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். இப்போதைக்கு இருக்கட்டும்.)

பழைய படங்களைச் சுத்தம் செய்து டிஸ்க்காக வெளியிடும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். படத்திலிருந்து கீறல் எடுப்பவர்கள் வேறு. நான் ஒலியிலிருந்து இரைச்சல் எடுப்பவள். இயற்பியல் படித்தவள் என்பதால் வேலைக்கு எடுத்தார்கள். வாயைத் திறக்காதவள் என்பதால் நிலைத்துவிட்டேன். எங்கள் முதலாளிக்கு மீட்டர் என்று பட்டப்பெயர். பாட்டு ஓடினாலும் பேச்சு ஓடினாலும் ஒலியளவு காட்டும் மீட்டரின் முள்ளை மட்டும்தான் பார்ப்பார்.

படம் நாற்பத்தாறு வருடம் பழையது. கறுப்பு வெள்ளை. இருட்டும் சிகரெட் புகையும் ஜன்னல் கம்பியின் நிழலுமாக எடுத்த கொலைக் கதை. அதில் வரும் எல்லோரும் பொய் சொல்கிறார்கள், அதனால்தான் எனக்கு அந்தப் படம்

இல்லை. அது வேண்டாம்.

2

அந்த டிஸ்க்கில் ஒரு கமென்டரி உண்டு. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதில் வேலை செய்த ஒருவர் கூடவே உட்கார்ந்து பேசுவது. இயக்குநர் இல்லை. நாயகனும் நாயகியும் இல்லை. இருந்தவர் ஒரே ஒருவர். அந்தப் படத்துக்குக் கன்டினியூட்டி பார்த்தவர். ஒரு ஷாட்டில் பாதி எரிந்த சிகரெட் அடுத்த ஷாட்டில் முழுசாகிவிடாமல் நோட்டில் குறித்து வைத்துக் காவல் காக்கிற வேலை. அப்போது அவருக்கு இருபத்துமூன்று வயது. என் வயது. இப்போது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் கன்டினியூட்டி அம்மா.

முதல் வரைவில் அவரைச் சாந்தமானவராக, மெதுவாகப் பேசுபவராக எழுதினேன். பொய். அவர் மேசையைத் தட்டிப் பேசுபவர்.

அவர் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்தோம். இரண்டாம் மாடி. ஜன்னல்களில் போர்வை தொங்கவிட்டு, மைக்கை மேசையில் பொருத்திக் கொடுத்துவிட்டு மீட்டர் போய்விட்டார். நானும் அவரும் படமும்தான்.

“பாரு, இந்த இடத்துல ஹீரோ என்ன வேகமா நடக்கறாருன்னு எல்லாரும் எழுதறாங்க. உள்ளுக்குள்ள எரியற கோபமாம். கோபமும் இல்ல, மண்ணும் இல்ல. ஷூ ஒரு சைஸ் சின்னது.”

நான் சிரித்தது பதிவாகிவிட்டது. பிறகு அந்தச் சிரிப்பை எடுத்தேன். அந்த வெட்டைக் குறித்து எனக்கு வருத்தமில்லை.

நாற்பத்தேழாவது நிமிடத்தில் துப்பாக்கி வெடிக்கும். நாயகி மாடிப்படியில் உருண்டு விழுவாள். கைப்பிடிக் கம்பிகளின் நிழல் அவள்மேல் வரிவரியாக ஓடும். அந்தப் படத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அந்தப் படிக்கட்டைப் பற்றித்தான் எழுதுவார்கள். அங்கே வந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சிரிப்பு போய்விட்டது. திரையைப் பார்க்காமல் நாற்பத்தோரு நொடி பேசினார்.

அவர் பேசத் தொடங்கிய அதே கணத்தில் மேல்வீட்டில் சுவரில் டிரில் போட ஆரம்பித்தார்கள்.

வெளிச்சத்தம் வந்தால் கையைத் தூக்க வேண்டும். பேசுபவர் நிறுத்துவார். சத்தம் அடங்கியதும் மறுபடி தொடங்குவார். என் வேலையின் முதல் விதி இது. நான் கையைப் பாதி தூக்கினேன். அவர் முகத்தைப் பார்த்தேன். கையைக் கீழே வைத்துவிட்டேன்.

முடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார்: “வந்துச்சா?”

“வந்துச்சும்மா.”

“நல்லா வந்துச்சா?”

“நல்லா வந்துச்சு.”

3

அவர் என்ன சொன்னார் என்பதை இப்போது எழுத மாட்டேன். இது வாசகரை இழுத்தடிக்கிற உத்தி இல்லை. ஒருமுறை அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். இன்னொரு முறை எடுக்கக் கூசுகிறது.

இரைச்சல் எடுப்பது கழித்தல் கணக்கு மாதிரி. பேச்சில்லாத இடத்தில் இரைச்சலின் மாதிரியை எடுத்து, மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். மின்விசிறி, ஃபிரிட்ஜ் சத்தமெல்லாம் போய்விடும். டிரில் அப்படியில்லை. மனிதக் குரல் எந்த அதிர்வெண்களில் இருக்கிறதோ அங்கேயே வந்து உட்காரும். அதைக் கழித்தால் குரலும் சேர்ந்து கழியும். மிஞ்சியது தண்ணீருக்குள்ளிருந்து ஒருவர் பேசுவதுபோல் இருந்தது.

வழி இருந்தது. போன் செய்து, “அம்மா, அந்த இடம் மட்டும் சரியா வரல, இன்னொரு தடவை சொல்றீங்களா?” என்று கேட்டிருக்கலாம். பேருந்தில் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போனாலும் ‘நிறுத்துங்க’ என்று சொல்லாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பவள் நான். ஆனால் இது அது இல்லை. அவர் சொன்ன விஷயத்தை இன்னொரு முறை சொல்லச் சொல்லி ஒரு மனுஷியிடம் எப்படிக் கேட்பது?

இரைச்சலோடேயே விட்டிருக்கலாம். அவர் சொன்னதைத் திரையின் கீழே எழுத்தில் போட்டிருக்கலாம். மீட்டரிடம் சொல்லியிருக்கலாம். இவையெல்லாம் இப்போது எனக்குத் தெரிகின்றன. அப்போதும் தெரிந்தன.

நாற்பத்தோரு நொடியையும் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் படத்தின் பின்னணி இசையை மட்டும் கேட்டும் கேட்காததுபோல் மெல்ல ஓடவிட்டேன்.*

* இரண்டாம் வரைவில் மின்தடை வந்து கோப்பு அழிந்ததாக எழுதியிருந்தேன். மூன்றாம் வரைவில் வெட்டச் சொன்னவர் மீட்டர். அவர் பாவம்.

4

பார்த்தவர்கள் எழுதுகிற கருத்துகளைத் தொகுப்பதும் என் வேலைதான். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு. அதில் எண்பத்தெட்டு, அந்த அமைதியைப் பற்றி.

“நாற்பத்தேழாவது நிமிடத்தில் அவர் பேச்சை நிறுத்திக்கொள்கிறார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.”

“எவ்வளவு பேசுகிற பெண்மணி! அந்த இடத்தில் ஒரு வார்த்தை இல்லை. கலைக்குச் செய்த மரியாதை.”

“நான் மூன்று முறை திரும்பப் போட்டுக் கேட்டேன். அந்த அமைதியில் அவர் மூச்சு கேட்கிறது.” (கேட்காது. மூச்சையும் எடுத்துவிட்டேன்.)

ஒரு பேராசிரியர் நான்கு பக்கக் கட்டுரை அனுப்பியிருக்கிறார். பேசாமல் இருப்பதும் ஒரு பேச்சு என்பது அதன் சாரம்.

ஒரே ஒருவர் மட்டும் இப்படி எழுதியிருந்தார்: “அந்த இடத்துல ஆடியோ போயிடுச்சா? என் ஸ்பீக்கர் கெட்டுப்போச்சுன்னு கழட்டிப் பாத்தேன். யாருக்காவது இப்படி இருக்கா?” அவர்மேல் எல்லோரும் பாய்ந்துவிட்டார்கள். “உங்களுக்கெல்லாம் சண்டைப் படம்தான் சரி.” “ஸ்பீக்கரை விடுங்க, காதைக் கழட்டிப் பாருங்க.”

காதைக் கழற்றச் சொன்ன கருத்துக்கு நான் ஒரு லைக் போட்டேன்.

இந்தக் கதையில் நான் எழுதியிருப்பதிலேயே வெட்கக்கேடான வாக்கியம் அதுதான் என்று நினைத்தேன். அடுத்த பகுதியை இன்னும் எழுதவில்லை என்பதால் அப்படி நினைத்திருக்கிறேன்.

மீட்டர் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று படித்தார். “நல்லா போகுதும்மா. அடுத்த படத்துக்குப் பேச வர்றவர்கிட்டயும் சொல்லு, ரெண்டு மூணு இடத்துல அப்படியே கம்முனு இருக்கட்டும்.”

5

கன்டினியூட்டி அம்மா டிஸ்க்கைப் போட்டுக் கேட்கவில்லை. “நான் சொன்னது எனக்குத் தெரியுமே, அதை எதுக்குக் கேக்கணும்? மத்தவங்க என்ன சொன்னாங்கன்னு சொல்லு.” காலை பதினொரு மணிக்கு அவரே கூப்பிடுவார். நான் கருத்துகளைப் படித்துக் காட்டுவேன். ஷூ கதை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்றால் வாய்விட்டுச் சிரிப்பார். அமைதியைப் பற்றிய எண்பத்தெட்டையும் தாண்டிப் போய்விடுவேன். கடைசியில் அவர் குரலைத் தணித்துக்கொண்டு கேட்பார்.

“அந்த இடத்தைப் பத்தி?”

“இல்லம்மா. இன்னும் யாரும் எழுதல.”

“ஒருத்தர்கூட?”

“இல்லம்மா.”

முதல் வாரம் அவர் குரலில் பயம் இருந்தது. திட்டி எழுதுவார்கள் என்று காத்திருந்தார். திட்டு வரவில்லை. ஒன்பதாம் நாள் சொன்னார்: “யாருக்கும் அது ஒரு விஷயமாவே படலை போல இருக்கே.” பன்னிரண்டாம் நாள் சொன்னார்: “ஏம்மா, அவ்வளவு பெரிய தப்பு இல்லையோ? நான்தான் மனசுக்குள்ள போட்டு ஊதிப் பெருசாக்கிட்டேனோ?”

பதினான்காம் நாள், பல வருடத்துக்குப் பிறகு மாத்திரை போடாமல் தூங்கியதாகச் சொன்னார்.

என்னை நம்பித்தான் தூங்கியிருக்கிறார்.

இன்று காலை, பதினேழாம் நாள்: “அவளுக்கும் ஒரு டிஸ்க் அனுப்பினோமே. நீதானே விலாசம் எழுதின? நேத்து அவளுக்குப் போன் பண்ணேன். படம் பாத்தேன், நீ பேசினதும் கேட்டேன், நல்லா பேசியிருக்கேன்னு சொன்னா. அவ்வளவுதான். கோபமே இல்ல. எப்ப வர்றேன்னு கேட்டா. ஞாயித்துக்கிழமை போறேன்.”

‘அவள்’ யார் என்பது அந்த நாற்பத்தோரு நொடிக்குள் இருக்கிறது. உங்களுக்கு இப்போதைக்கு இவ்வளவு போதும்: கன்டினியூட்டி அம்மா தவறு செய்தது அந்தப் பெண்மணிக்குத்தான். தன் வாக்குமூலத்தை அவர் கேட்டுவிட்டார், மன்னித்துவிட்டார் என்று நம்பி அம்மா ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில் போய் நிற்கப்போகிறார். உள்ளே இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

6

முடிவுகள்.

அ. ஞாயிற்றுக்கிழமை அவர் போகிறார். இருவரும் நாள் முழுக்கப் பேசுகிறார்கள். விஷயம் பேச்சில் வரவே இல்லை. ஒருவர் மன்னிக்கப்பட்டதாக நினைத்துக்கொண்டும், இன்னொருவர் ஒன்றும் அறியாமலும் கை அசைத்துப் பிரிகிறார்கள். எல்லோருக்கும் நிம்மதி. இந்த முடிவை ஒரே மூச்சில் எழுதினேன். அவ்வளவு சுலபமாக வந்ததால் சந்தேகம் வந்தது.

ஆ. போகிறார். போய், “நீ அதைக் கேட்டும் என்னை வரச் சொன்னியே” என்கிறார். “எதைக் கேட்டு?” என்கிறார் மற்றவர். அதற்கு மேல்

இ. டிஸ்க்கின் அடுத்த பதிப்பில் நான் அந்த நொடிகளை இரைச்சலோடு திரும்பச் சேர்த்துவிடுகிறேன். யாரிடமும் சொல்வதில்லை. (வேலையை விட்டுப் போவதும் இதில் அடக்கம்.)

அக்கா இதுவரை எழுதியதைப் படித்தாள். எழுதியதை நான் காட்டுவது அவளிடம் மட்டும்தான். படித்துவிட்டுத் தாள்களை அடுக்கித் தட்டி என் மடியில் வைத்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. அந்தம்மா நம்பர் உன்கிட்ட இருக்கா?”

“இருக்கு.”

“போன் பண்ணா ரெண்டு நிமிஷம். நீ மூணு முடிவு எழுதி வச்சிருக்க.”

“என்ன சொல்றதுன்னு தெரியலக்கா.”

“ஏன், இதுலயே அழகா எழுதியிருக்கியே. பாத்துப் படி. அடைப்புக்குறியை மட்டும் விட்டுடு.”

7

சனிக்கிழமை காலை. பத்து மணி. அவர் கூப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு.

“நீயா கூப்பிடுற? என்ன அதிசயம், எப்பவும் நான்தானே கூப்பிடுவேன்.”

“அம்மா, அந்த இடம் டிஸ்க்ல இல்ல.”

“எந்த இடம்?”

“நீங்க கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டுச் சொன்னது. மேல டிரில் சத்தம் விழுந்துடுச்சு. உங்களை மறுபடி சொல்லச் சொல்லி என்னால கேக்க முடியல. நான் எடுத்துட்டேன்.”

போனில் அமைதி. அதை நான் எண்ணவில்லை.

“அப்ப யாரும் கேக்கலையா?”

“யாரும் கேக்கலம்மா.”

“அவ?”

“அவங்களும்தான்.”

“எத்தனை தடவை உன்னைக் கேட்டேன்.”

“பதினெட்டு.”

“எண்ணி வேற வச்சிருக்க. வாயைத் திறக்க மட்டும் வராது.” மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. “அவ எல்லாம் தெரிஞ்சுதான் வரச் சொல்றான்னு நினைச்சேனே. நாலு நாளா சந்தோஷமா சுத்தினேனே, அறிவு கெட்டவளே!”

அறிவு கெட்டவள் நானா அவரா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து, “மன்னிச்சிடுங்கம்மா” என்றேன்.

“அது அப்புறம்.”

“நாளைக்குப் போறீங்களா?”

“வண்டி சொல்லியாச்சு. போகாம? போய் நானே அவகிட்ட சொல்லணும். வேற வழி?” மூக்கைச் சிந்தினார். “அவ முகத்தைப் பாத்தா எனக்கு வாய் வராது. ஒரு தடவை உன்கிட்ட சொல்லிப் பாக்கறேன். குறுக்க பேசாத. கதை எழுதறேன், மண்ணாங்கட்டி எழுதறேன்னு சொல்லுவியே, வேணும்னா இதையும் எழுதிக்கோ. ஆனா ஒரு வார்த்தை எடுக்கக் கூடாது.”

எடுக்கவில்லை. நாளை அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் எழுதப்போவதில்லை. அதை உங்களிடம் விடுகிறேன். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு என்ன சொல்வது என்பதையும்தான்.

“அந்தப் படியில உருண்டு விழறது ஹீரோயின் இல்ல. அவங்களுக்குப் பதிலா விழ வந்த பொண்ணு. பத்தொன்பது வயசு. முதல் டேக் நல்லா வந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. நான் நோட்டைப் பாத்தேன். முந்தின ஷாட்ல கையுறை வலது கையில. இவ இடது கையில மாட்டியிருந்தா. இன்னொண்ணு எடுக்கணும்னு சொன்னேன். யாரு பாக்கப் போறாங்கன்னு டைரக்டர் கேட்டாரு. நான் விடல. ரெண்டாவது தடவை விழுந்தவ எழுந்திரிக்கல. இன்னைக்கு வரைக்கும் அவ எழுந்து நடக்கல. இன்னொரு டேக் கேட்டது டைரக்டர்னுதான் நினைச்சிட்டிருக்கா. நான்தான் கேட்டேன். கடைசியில படத்துல வச்சது முதல் டேக். கையுறை இடது கையிலதான் இருக்கு. நாப்பத்தாறு வருஷமா ஒருத்தர் கண்ணுலயும் படல.”