வாஞ்சூருக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி

தலைமையாசிரியர் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். வந்தவரை உட்காரச் சொல்லி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் அவருடைய காரியம் ஆகப்போவதில்லை என்று அர்த்தம். எங்கள் ஆபீஸில் நாங்களே அப்படித்தான் செய்வோம்.

"வாங்க லோகாம்பாள் மேடம், டீ சொல்லட்டுமா?" என்றார் பாட்ரிக் சார்.

"விஷயத்தச் சொல்லுங்க சார்."

விஷயம் என் மகள் மகிழினி. எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். கணக்குக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அறிவியல் பரவாயில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் மார்க் அப்படிச் சொல்லவில்லை.

"ஒம்பதாவதுலயே போர்டுல பேரு பதிஞ்சிடுவாங்க மேடம். நம்மது இப்ப சிபிஎஸ்இ. புள்ளைக்குச் சொமை. வாஞ்சூரத் தாண்டுனா தமிழ்நாடு. அங்க உள்ள பள்ளிக்கூடத்துல பாடம் சுலபமா இருக்கும். டிசிய நானே ரெடி பண்ணித் தர்றேன். புள்ள நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கேட்காமலே டிசி தரும் தலைமையாசிரியரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாரும் பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரீஸ் பக்கம் போய்விட்டவர்கள். அதனாலோ என்னவோ, எல்லை தாண்டுவது அவருக்குத் தெரு தாண்டுகிற மாதிரி. எனக்கு அப்படி இல்லை. இங்கேயே அரசுப் பள்ளியில் தொடர்ந்து படித்தால்தான் நாளைக்குக் கல்லூரியில் இங்கத்து இடஒதுக்கீட்டுச் சலுகை கிடைக்கும். பாதியில் அந்தப் பக்கம் போன பிள்ளை இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்கும். இது அவருக்குத் தெரியாதா?

யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் அழைக்கப்பட்ட மற்றவர்கள் காத்திருந்தார்கள். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டும் மருதையன், நடவு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். கோவில்பத்தில் சொந்த வீடு, மாதச் சம்பளம் என்று இருக்கிற என்னை ஏன் இந்த வரிசையில் சேர்த்தார் என்றுதான் முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம்தான் வேறொன்று உறைத்தது. அதே வகுப்பில் லொரான் இருக்கிறான். அப்பாவுக்கு பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது. கணக்கில் அவனும் என் மகளும் ஒரே லட்சணம். அவன் வீட்டார் யாரையும் பெஞ்சில் காணோம்.

மருதையனின் மகள் எழில்மதியும் அதே வகுப்புதான், எங்கள் வீட்டுக்கு வந்து போகிற பெண். மகிழினியும் அவளும் ஒட்டிப் பிறந்த மாதிரி சுற்றுவார்கள்.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. வாஞ்சூர் தாண்டி, பாட்ரிக் சார் சொன்ன அந்தப் பள்ளியை விசாரித்துப் போனேன். வாசலிலேயே ஓர் அம்மா டிசியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பஸ் காரைக்கால் போகும் என்று கேட்டார். பெயர் உம்மு சல்மா. மகள் அஃபீஃபாவும் எட்டாவது முடித்தவள்.

"காரைக்கால்ல சேத்துடுங்க, அங்க பாடம் சுலபம்னு ஹெச்எம் சொன்னாங்க. எங்க புள்ள நல்லதுக்குத்தானாம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. காரைக்காலில் தேறாத பிள்ளையை இந்தப் பக்கம் தள்ளினால் அங்கே தேர்ச்சி சதவீதம் ஏறும். இந்தப் பள்ளிக்காரர்களும் அதையே செய்கிறார்கள். வீட்டைப் பெருக்கிக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளுகிற கதை. அந்த வீட்டுக்காரியும் துடைப்பத்தோடு நிற்கிறாள் என்று தள்ளுகிறவளுக்குத் தெரியவில்லை.

"வாங்குன டிசியத் திருப்பிக் குடுத்துடுங்கம்மா" என்றேன். அவர் என்னைப் பிள்ளை பிடிக்க வந்தவளைப் போல மேலும் கீழும் பார்த்துவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

திங்கட்கிழமை பாட்ரிக் சாரிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது. கதவைச் சாத்தினார்.

"போன வருஷம் நம்ம ரிசல்ட் கொறஞ்சதுக்கு மேலிடத்துல வெளக்கம் கேட்டாங்க மேடம். துறைமுகத்துப் புள்ளைங்க, கூலி வேலைக்காரங்க புள்ளைங்க, பாதி நாள் வராதுங்க. நான் என்ன செய்ய? சரி, நீங்க வெவரம் தெரிஞ்சவங்க. உங்க புள்ள இங்கயே இருக்கட்டும். வெளிய இருக்கறவங்ககிட்ட மட்டும் எதுவும் பேச வேணாம்."

மகளுக்கு இடம் நின்றுவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட்டாரே என்று அதிலும் சந்தேகம்தான் வந்தது. மகிழினிக்காகக் கொடுத்தாரா, என் வாய்க்கு விலையாகக் கொடுத்தாரா?

வெளியே மருதையன் உட்கார்ந்திருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு போகவில்லை.

"மருதையன், டிசி வாங்காதீங்க. அங்க உள்ளவங்களும் படிக்காத புள்ளைங்கள இங்கதான் தள்ளிவிடுறாங்க. நான் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தேன். எங்க மகி போகல."

"போகலையா?" அவர் எழுந்தார். "அன்னைக்கு நீங்களும் சரின்னதாத்தானே சாரு சொன்னாரு?"

"நான் சரின்னு சொல்லவே இல்ல."

"சாரு பொய் சொல்றாரு, நீங்க நெசம் சொல்றீங்க, அப்படித்தானே?"

"எழில்மதி நல்லதுக்குத்தாங்க சொல்றேன்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. இந்த ஒரு வாரத்தில் எல்லாரும் சொன்ன அதே வார்த்தை.

மருதையன் குரலை உயர்த்தவில்லை. "எம் மவ இங்க இருந்தாத்தான் உங்க மவ கடைசியா நிக்க மாட்டா. அதானே மேடம்?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். வகுப்பில் மகிழினிக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று மனம் தானாகவே தேடியது. எழில்மதியை விட்டால் யாரும் இல்லை. அதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

தண்ணீர்க் குழாயடியிலிருந்து எழில்மதி முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, மகிக்கு டிசி வாங்கியாச்சா? அவளும் வர்றான்னு சார் சொன்னாரு. அதான் நானும் சரின்னேன்."