நான்காம் எண் மேலங்கி

எங்கள் வீட்டில் கணவாய் மீன் காயவைத்து விற்கிறோம். துறைமுகத்தை ஒட்டி, கழிகளில் வரிசையாகத் தொங்கும். அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை. ஊரில் பாதிப் பேர் அதைத்தான் வாங்கித் தின்கிறார்கள். ஆனால் எட்டாம் வகுப்பு தொடங்கிய வாரத்திலேயே ஒகுதேரா என்பவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஹமாயா உள்ள வந்தா கடலே எழுந்து வந்த மாதிரி இருக்குடி" என்றாள். ஹமாயா எங்கள் குடும்பப் பெயர்; அன்றிலிருந்து அதுவும் போய் என் பெயர் கணவாய். நான் தொட்டதைத் தொட்டால் கணவாய் ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டாமலிருக்க இரண்டு கை விரல்களையும் பின்னிக்கொண்டு "தடை!" என்று கத்த வேண்டுமாம். பதினான்கு வயதுக் கழுதைகளுக்கு இது ஒரு விளையாட்டு.

மதியச் சாப்பாட்டை வகுப்பிலேயே வாரம் ஒரு குழுவாக நாங்கள்தான் பரிமாறுவோம். அதற்கு எண் போட்ட வெள்ளை மேலங்கிகள் உண்டு. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்துத் தேய்த்து, திங்களன்று அடுத்த குழுவில் அதே எண்காரரிடம் கொடுக்க வேண்டும். என் எண் நான்கு. போன பருவத்தில் என்னிடமிருந்து வாங்க வேண்டியவன் மேலங்கி இருந்த பையைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே போனான். வகுப்பாசிரியர் அப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரி நேரங்களில் அவர் கண்ணாடி எப்போதும் அழுக்காகிவிடும்.

இந்த முறை வாங்க வேண்டியவள் முகாய்.

முகாயும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தோழிகள். ஆனால் அவள் வாலிபால் டீமில் இருக்கிறாள்; அங்கே ஒகுதேரா வைத்ததுதான் சட்டம். அதனால் வீட்டுக்குப் போகிற வழியில் மட்டும் என்னோடு பேசுவாள். வகுப்பில் என் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். எனக்கு ஆத்திரம்தான், ஆனாலும் அவளை விட மனசில்லை.

வெள்ளிக்கிழமை நடந்து போகும்போது நானே சொன்னேன்.

"மேலங்கியை வீட்டுல மறந்துட்டேன்னு சொல்லிடறேன். நீ வேற ஒண்ணைப் போட்டுக்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா? அதைப் போட்டா ஒகுதேரா உன்னை டீம்ல ஒதுக்கிடுவா."

தெரு முனையில் முகாய் நின்றாள். பிறகு, "நீ துவைச்சு எடுத்துட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் தெருவுக்குள் திரும்பிவிட்டாள்.

மூன்று முறை துவைத்தேன். மாடி ஜன்னலில், கணவாய்க் காற்று படாத பக்கமாகக் காயப்போட்டேன். தேய்த்த தேய்ப்பில் கை மடிப்பு விறைத்து நின்றது. அழுகை வரவில்லை, வீம்புதான் வந்தது.

திங்கட்கிழமை மதியம் ஒகுதேரா வேறொரு மேலங்கியை முகாயிடம் வீசினாள். "இந்தா, இது சுத்தமா இருக்கு. அதைத் தொடாதே."

முகாய் அதை மடித்து மேசைமேல் வைத்தாள். நான் கொண்டுவந்திருந்த மேலங்கிப் பையைத் திறந்தாள். நான்காம் எண்ணை எடுத்துப் போட்டுக்கொண்டு, கழுத்துவரை எல்லாப் பொத்தான்களையும் மாட்டினாள். அதற்குள் வகுப்பு முழுக்க, "முகாய்க்கும் ஒட்டிக்கிச்சு! தடை! தடை!" என்று கூச்சல்.

அன்று குழம்புக் கரண்டி அவள் கையில். அதுவும் கறிக்குழம்பு, மாதத்தில் இரண்டு நாள்தான் கிடைக்கும். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பின்னிய விரல்களை அவள் முன்னே நீட்டினார்கள்.

"விரலைப் பின்னிக்கிட்டு தட்டை எப்படிப் பிடிப்பீங்க?" என்றாள் முகாய். "கொட்டிட்டா நான்தான் துடைக்கணும். தடை போட்டவங்க ஓரமா நில்லுங்க, மத்தவங்க வாங்க."

யாரும் அசையவில்லை. குழம்பு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து சொனோபே என்ற தடியன் எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தான். "எனக்குப் பசிக்குதுப்பா. ரெண்டு கரண்டி ஊத்து" என்று இரண்டு கையாலும் தட்டை நீட்டினான். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எங்கள் வகுப்பில் முதலில் பறந்தது தடைதான். ஒவ்வொருவராக விரலைப் பிரித்தார்கள். ஒகுதேராவும் பிரித்தாள். வாங்கிக்கொண்டு, "சாயங்காலம் இருக்குடி உனக்கு" என்றாள்.

கடைசியாக நான் போனேன். முகாய் கரண்டியை அடிவரை விட்டுக் கிளறினாள்.

"ரிட்சு, உருளைக்கிழங்கு நிறையப் போடவா?"

வகுப்பில், எல்லோர் காதிலும் விழும்படி என் பெயரைச் சொல்லிக் கேட்டாள். இவள் என் தோழி, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேசைமேல் ஏறிக் கத்த வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு பெருமை. வாயில் வந்தது "போடு" என்ற ஒரு சொல்தான்.

ஒகுதேரா சொன்னதைச் செய்தாள். சாயங்காலம் விளையாட்டுக் கூடத்தில் ஜோடி ஜோடியாகப் பந்து தட்டினார்கள். முகாயோடு யாரும் சேரவில்லை. அவள் தனியாகச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். வாலிபாலை நான் தொட்டதே கிடையாது. காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே நடந்தேன்.

"ஏய் கணவாய், உன்னை யாரு கூப்பிட்டா?" என்றாள் ஒகுதேரா.

"முகாய்க்கு ஜோடி இல்ல. நான் நிக்கறேன்."

முகாய் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உனக்கு வராதேடி."

"தெரியும். போடு."

முதல் பந்து நேராக மூக்கில் விழுந்தது. கூடம் முழுக்கச் சிரித்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது, வலியால்தான். புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி கையை நீட்டினேன்.

"இன்னொண்ணு போடு" என்றேன்.