எல்லோரும் கரை சேர்ந்த கதைகள்

அச்சகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பாடப்புத்தகங்களின் புரூஃப் தாள்கள் பிழை திருத்தக் கட்டுக் கட்டாக வீட்டுக்கு வரும். சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்தாளானால் ஒரு காற்புள்ளிகூடத் தப்பாது. ஆண்டு பிசகியிருந்தால் எழுதிய பேராசிரியருக்கே போன் போட்டு ஒரு பிடி பிடிப்பாள். உலக வரலாற்றைக் கரைத்துக் குடித்தவள். அப்பேர்ப்பட்டவள்தான் தன் பிள்ளைகளுக்கு இரண்டு வருடமாகப் பொய் வரலாறு சொல்லிக்கொண்டிருந்தாள்.

முழுப்பொய் இல்லை. ராஜா, போர், ஊர், ஆண்டு எல்லாம் சுத்தமாக இருக்கும். முடிவில் மட்டும் கை வைத்துவிடுவாள். எரிமலை வெடித்த ஊரில் அத்தனை பேரும் படகேறித் தப்பினார்கள். கொள்ளைநோய் வந்த நகரத்தில் ரொட்டி சுடுகிறவனும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் பிழைத்துக்கொண்டார்கள். அடிமைகளை அடைத்துவந்த கப்பலில் ஒருவரும் குறையாமல் கரை சேர்ந்தார்கள். மனித குலம் செய்த அட்டூழியத்தையெல்லாம் நினைத்தால், இதைப் போல ஒரு பித்தலாட்டம் கிடையாது.

ஆனாலும் அவளைக் குறை சொல்ல வாய் வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன், தங்கையோடு பள்ளிச் சுற்றுலா போன மூத்த மகனை ஆறு கொண்டுபோயிற்று. பன்னிரண்டு வயது. மறுவாரமே மற்ற இரண்டு பிள்ளைகளையும் பள்ளியிலிருந்து நிறுத்தினாள். "என் புள்ளையக் கூட்டிட்டுப் போய்த் தொலைச்சவங்ககிட்ட இனிமே ஒருத்தரையும் விட மாட்டேன்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். பேருந்து ஓட்டும் கணவர் சொல்லிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் வாயை மூடிக்கொண்டார். நடுப்பிள்ளையாக இருந்த மகள் மூத்த பிள்ளை ஆனாள். சாவு என்ற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை.

வீட்டில் படிக்கும் பிள்ளைகளை வருடத்துக்கு ஒருமுறை கல்வி அலுவலர் வந்து சோதிப்பார். போன வருடம் கணக்கோடு போயிற்று. இந்த வருடம் வரலாறு. அவர் கையெழுத்துப் போட்டால் பிள்ளைகள் வீட்டில். போடாவிட்டால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம். அவர் வரும் தேதி போட்டுக் கடிதமும் வந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான்கு நாள் காலையில் பிள்ளைகளை எதிரில் உட்கார வைத்தாள். "அந்த எரிமலை ஊர்ல..." என்று தொடங்குவாள். சின்னவன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அவளையே பார்ப்பான். மறுபடியும் படகு வந்துவிடும்.

அலுவலர் நல்ல மாதிரியான பெண்மணி. காலணியை வாசலில் கழற்றிவிட்டு, சாப்பாட்டு மேசையில் புரூஃப் கட்டுகளை ஒதுக்கி இடம் பண்ணிக்கொண்டார். மகள் பதில் சொன்ன அழகைச் சும்மா சொல்லக் கூடாது. சாம்பல் எப்படி விழுந்தது, கதவை எப்படி அடைத்தது, நாய்கள் எப்படி ஊளையிட்டன என்று கண்ணால் பார்த்தவளாட்டம் சொன்னாள். அலுவலரின் பேனா நின்றேவிட்டது.

"பிரமாதம். சரி, கடைசில அந்த ஜனங்களுக்கு என்ன ஆச்சு?"

சின்னவன் வாயைத் திறந்தான். அக்காக்காரி மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

"படகுல ஏறிப் போயிட்டாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"கொள்ளைநோய் வந்துச்சே, அந்த ஊர்ல?"

"எல்லாரும் பொழைச்சுக்கிட்டாங்க" என்றாள் மகள், தெளிவாக, ஒரு சொல் தடுமாறாமல்.

அலுவலர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீங்க சொல்லுங்கம்மா. அந்த ஜனங்க என்ன ஆனாங்க?"

ஒரே வார்த்தைதான். சொல்லியிருந்தால், பிள்ளை ஏதோ பயத்தில் உளறிவிட்டது என்று போயிருக்கும். பேராசிரியர்களை வறுத்தெடுத்தவள், ஒதுக்கி வைத்திருந்த புரூஃப் கட்டுகளை நேராக அடுக்க ஆரம்பித்தாள். அலுவலர் அவள் அடுக்கி முடிக்கும்வரை பொறுத்துப் பார்த்தார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா இதுல நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. திங்கட்கிழமை ரெண்டு பேரையும் அனுப்பிடுங்க."

அவர் போனதும் அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து மகளின் தோளைப் பிடித்தாள். அவளுக்கு ஆத்திரம் யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

"தப்பா சொல்லிக் குடுத்தேன். எல்லாம் என்னாலதான்."

"எனக்குத் தெரியும்மா" என்றாள் மகள். "புரூஃப் தாள்ல எல்லாம் இருக்கே. நீதானே திருத்துன."

"ரொட்டிக்காரர் மூணாம் நாளே செத்துட்டார்" என்றான் சின்னவன், சாவகாசமாக. "நீ கதை சொல்லி முடிச்சப்புறம் அக்கா மாடிப்படியில வெச்சு மீதியச் சொல்லும்."

அவள் மகள் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சும் ஏன்டி அப்படிச் சொன்னே? உண்மையச் சொல்லியிருந்தா அவங்க கையெழுத்துப் போட்டிருப்பாங்களேடி!"

"நீ பக்கத்துல நிக்கிறியே. உன் முன்னாடி எப்படிம்மா சொல்றது?"

கோபமெல்லாம் வடிந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கை மட்டும் மகளின் தோளிலேயே இருந்தது. மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். படிக்கட்டில் தம்பியிடம்கூடச் சொல்லாத ஒன்று அவளிடம் மிச்சம் இருந்தது. திங்கட்கிழமை அதே பள்ளிக்கூடம், அதே டீச்சர். அங்கே வைத்து யாராவது சொல்வதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

"அம்மா, அன்னிக்கு ஆத்தங்கரையிலேர்ந்து பஸ் கிளம்பறப்போ டீச்சர் பேர் கூப்பிட்டாங்க. அண்ணன் பேருக்கு யாரும் பதில் சொல்லல. அவன் பின்னாடி வந்துட்டுதான் இருப்பான், லேட்டானா திட்டு வாங்குவான்னு நெனச்சேன். நான்தான் 'இருக்கான் டீச்சர்'னு கத்துனேன். பாதி வழி போனப்புறம்தான் தேடுனாங்க."

வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். தாயின் கை மகளின் தோளிலிருந்து தானாக விலகியது. ஒரு கணம்தான். உடனே பதறிப்போய்ப் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள், தலையைத் தடவினாள், முதுகைத் தடவினாள்.

"நீ ஒண்ணும் பண்ணலடி. உன்மேல தப்பே இல்ல. அம்மா சத்தியமா சொல்றேன், உன்மேல எனக்குக் கோபமே இல்ல."

கை விலகியதை மகள் பார்த்துவிட்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள், அலுவலரிடம் பதில் சொன்ன அதே குரலில்.