திருடனுக்குத் தெரியாத கடிகாரம்

வாழ்க்கையில் முதல் தடவையாக விலை உயர்ந்த கைக்கடிகாரம் வாங்குகிறவர்கள் தங்கள் மணிக்கட்டைப் பார்த்து வாங்குவார்கள். சாவ் பாவ்லோவில் அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே திருடனுடைய கண்ணை நினைத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

அடாவ்தோவுக்கு இது தெரியாதது இல்லை. வயது ஐம்பத்து நான்கு, பென்யா பகுதியில் சொந்தமாக இரண்டு பேக்கரி, தலையில் முடி கிடையாது. இத்தனை வருடமும் சிக்னல் வந்தால் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் நின்றிருக்கிறார். இருந்தாலும் அந்த வணிக வளாகத்தின் மூன்றாம் மாடிக் கடையில், காவலாளி மேலும் கீழும் பார்த்து, ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு கதவுகளைத் திறந்து உள்ளே விட்டபோது, அவர் மனதில் ஒரே ஒரு கடிகாரம்தான் இருந்தது. முழுத் தங்கம், பச்சை முகப்பு. பெயரைச் சொன்னால் தெருநாய் கூடத் திரும்பிப் பார்க்கும்.

கடைக்காரர் நிவால்டு வெல்வெட் துணியை விரித்து அதை வைத்தார். அடாவ்தோ தொடவில்லை. இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"கட்டிப் பாருங்க சார், வெறும் பார்வைக்குக் காசு கிடையாது" என்றார் நிவால்டு.

கட்டிப் பார்த்தார். பாரமாக இருந்தது. அந்தப் பாரம் அவருக்குப் பிடித்திருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவருடைய மனைவி சுலெய்டி. "இதக் கட்டிக்கிட்டு நீ ஹால்ல இருந்து பெட்ரூமுக்குப் போலாம். பெட்ரூம்ல இருந்து ஹாலுக்கு வரலாம். வேற எங்கய்யா போவ?"

"மனுசன் கட்டறதுக்குத்தான செய்யறாங்க?"

"கட்டறதுக்கு ஒருத்தன், கழட்டறதுக்கு ஒருத்தன். மருந்துக்கடை ஓஸ்மார மறந்துட்டியா? சிக்னல்ல பைக்ல ரெண்டு பேரு. வாட்சோட கொக்கியக் கழட்டறதுக்குள்ள தோள்ல சுட்டுட்டாங்க. இப்ப தலை சீவணும்னாக்கூட பொண்டாட்டி வரணும்."

"எனக்குச் சீவறதுக்கு என்ன இருக்கு?"

"வெளையாடாத. வாட்சு போனா மயிராச்சு. நீ போனா நான் என்ன பண்ணுவேன்?" கடைசி வார்த்தையில் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. கடைக்காரர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்.

அதற்குமேல் அவளோடு என்ன வாதாட? நியாயம் முழுக்க அவள் பக்கம். அடாவ்தோவின் பக்கம் ஒரே ஒரு காரணம் இருந்தது. அதை அவர் உலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை, இருபத்தாறு வருடம் ஒரே கட்டிலில் தூங்குகிற இவளிடம் கூட.

அந்தக் காரணம் நடந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. யாரும் 'அவர்' என்று சொல்லாத வயது. வடகிழக்கில் தூரத்து ஏழை மாநிலமான சியராவிலிருந்து பஸ் ஏறி வந்து, பணக்காரர்கள் குடியிருக்கும் ஜார்டின்ஸ் பகுதியில் எர்மீனியோவின் இத்தாலிய உணவகத்தில் பரிமாறுகிற வேலையில் இருந்தான். ஒரு நாள் மதியம் ஏழாம் மேசையில் சாப்பிட்ட வக்கீல் ஒருவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். தங்கக் கடிகாரத்தைக் காணோம் என்றார். அந்த மேசையில் ரொட்டிக் கூடை வைத்தவன் அடாவ்தோ. முதலாளி எர்மீனியோ அவனை மாவு மூட்டை அடுக்கிய அறைக்குள் கூட்டிப்போனார். சட்டையைக் கழற்றச் சொன்னார். பிறகு பேண்ட்டை. பிறகு காலுறையை. கதவு சரியாக மூடவில்லை. சமையலாட்கள் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போனார்கள்.

"அப்பிடி ஒரு வாட்ச் உன் கைல ஏறவா போவுது? எடுத்து என்னடா பண்ணப் போற, சொல்லு" என்று கேட்டார் எர்மீனியோ. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை போலக் கேட்டார்.

கடிகாரம் கை கழுவும் தொட்டியின் ஓரத்திலேயே இருந்தது. யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். "சரி, போட்டுக்க. ஆறாம் மேசைக்கு இன்னும் தண்ணி போகல" என்றார் முதலாளி. அவன் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு ஆறாம் மேசைக்குத் தண்ணீர் கொண்டுபோனான். அதற்குப் பிறகும் ஆறு வருடம் அங்கேயே வேலை பார்த்தான். ரோஷம் இல்லாமல் இல்லை. ஊரில் அம்மாவுக்கு மாதாமாதம் பணம் போக வேண்டியிருந்தது.

இப்போது எர்மீனியோவுக்குத் தொண்ணூறு வயது நிறைகிறது. இருபத்தொன்பதாம் தேதி அதே உணவகத்தில் விருந்து. பழைய ஆட்கள் எல்லோரையும் அவருடைய மகன் ஃபுல்வியோ தேடிப்பிடித்து அழைத்திருந்தான். அடாவ்தோவுக்கு வேண்டியது ஒன்றுதான். அப்படி ஒரு கடிகாரம் தன் கையில் ஏறியிருப்பதை அந்த மனிதர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். மன்னிப்பு வேண்டாம். சண்டை வேண்டாம். பார்த்தால் போதும். பேக்கரி மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்று இந்தக் காட்சியை அவர் எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை.

"எஃகுல காட்டவா சார்?" என்றார் நிவால்டு.

எஃகில் வந்ததையும் சுலெய்டி தள்ளிவிட்டாள். "இதயும் தெரியும் அவனுங்களுக்கு. நூறடி தள்ளி வெச்சே சொல்லிடுவானுங்க."

"அக்கா சொல்றது சரிதான்" என்றார் நிவால்டு. அவர் கையிலும் பளபளவென்று ஒன்று இருந்தது, கடையோடது. சாயங்காலம் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையோடு மெட்ரோவில் போகிற ஆள். "இப்ப நெறைய பேரு கேக்கறாங்கன்னு ஒண்ணு வெச்சிருக்கோம்." உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார்.

ஒல்லியாக, சாம்பல் நிற முகப்போடு, பழுப்புத் தோல்பட்டையில் ஒன்று. பொன்னும் இல்லை, மினுமினுப்பும் இல்லை. விலை மட்டும் அந்தத் தங்கத்துக்குக் குறைந்ததில்லை. "உள்ள இருக்கற ஒவ்வொரு சக்கரப் பல்லும் கையால தேய்ச்சது சார். தெரிஞ்சவங்க பாத்தா அசந்துடுவாங்க."

"யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் அடாவ்தோ.

"ரொம்பக் கொஞ்சம் பேருக்கு."

"திருடனுக்கு?" என்றாள் சுலெய்டி.

"சத்தியமாத் தெரியாது அக்கா."

அவள் முகம் மலர்ந்தது. "பாரேன், பள்ளிக்கூட வாத்தியார் வாட்ச் மாதிரியே இருக்கு. இதுதான்யா உனக்கு."

அந்த இடத்தில் அவர் சொல்லியிருக்கலாம். 'சுலெய்டி, என்னை ஒரு நாள் அம்மணமாக நிறுத்தினார்கள், அதற்காகத்தான் அந்தத் தங்கம்' என்று சொல்லியிருந்தால் அவள் தானே அதைக் கட்டிவிட்டிருப்பாள். நான் என்றால் சொல்லியிருப்பேன் என்று நீங்களும் நானும் சுலபமாகச் சொல்லிவிடலாம். அவருக்கு வாய் திறந்தது. "பட்டை கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்று மட்டும்தான் வந்தது. நிவால்டு ஒரு துளை தளர்த்திக் கொடுத்தார். பெட்டியைக் கடைப் பெயர் போட்ட பையில் தரவில்லை. சூப்பர்மார்க்கெட் பையில் போட்டு, மேலே ஒரு பழைய பத்திரிகையை வைத்துத் தந்தார். இந்த ஊரில் அதுதான் உபசாரம்.

இருபத்தொன்பதாம் தேதி ஜார்டின்ஸுக்குக் காரில் போகும்போது ஒரு சிக்னலில் நின்றார்கள். அன்றைக்கு ஏனோ அவர் கண்ணாடியை இறக்கி, இடது கையை வெளியே தொங்கப்போட்டிருந்தார். உணவு டெலிவரிப் பெட்டி கட்டிய ஒரு மோட்டார் சைக்கிள் உரசிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டியவர் குனிந்து அவர் மணிக்கட்டைப் பார்த்தார். சுலெய்டி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, மணி என்ன?"

"பன்னெண்டே முக்கால்."

"செத்தேன்" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் பறந்துவிட்டார்.

சுலெய்டி தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். "பாத்தியா? கிட்டத்துல பாத்தும் ஒண்ணும் தெரியல! குடுத்த காசு வீண் போகல." அடாவ்தோ கையை உள்ளே இழுத்துக்கொண்டார். உயிர் பிழைத்ததற்கு ஒரு மனிதனுக்கு மனம் வாடுமா? அவருக்கு வாடியது.

உணவகத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். எந்த மாதமும் இருபத்தொன்பதாம் தேதி என்றால் உருளைக்கிழங்கை மாவோடு பிசைந்து உருட்டி வேகவைத்த நியோக்கிதான். தட்டுக்கு அடியில் ஒரு பணத்தாளை வைத்து, முதல் ஏழு உருண்டையை நின்றுகொண்டே சாப்பிட்டால் மாதம் முழுக்கக் கையில் காசு நிற்கும் என்பது இங்கத்திய நம்பிக்கை. எல்லோரும் எழுந்து நின்றார்கள். எர்மீனியோவையும் ஃபுல்வியோ கக்கத்தில் கை கொடுத்து நிறுத்தினான். கிழவர் ஒடுங்கிப்போயிருந்தார், ஆனால் கண் கூர்மையாக இருந்தது. கையில் அகலமான தங்கக் கடிகாரம். சட்டைக் கைக்குள்ளிருந்து நழுவி நழுவி வந்தது. அடாவ்தோ வேண்டுமென்றே அவருக்கு அடுத்த இடத்தைப் பிடித்திருந்தார். தாளைத் தட்டுக்கு அடியில் தள்ளும்போது இடது கையை மெதுவாக, நன்றாக நீட்டித் தள்ளினார்.

"அடாவ்தோ! ரொட்டிக் கூடையப் பாதிரியார் மடியில கவுத்தவன்தானே நீ?" என்றார் கிழவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"நான்தான் முதலாளி." முப்பத்திரண்டு வருடம் ஒத்திகை பார்த்த வாய் வறண்டுபோயிருந்தது. "வாட்ச் வாங்கியிருக்கேன். பாருங்க."

எர்மீனியோ அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தன் கண்ணருகே கொண்டுபோனார். திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வாட்ச்சுடா. எங்க டிரைவர் கைல இதே மாதிரி ஒண்ணு இருக்கு." கையைத் தட்டிக்கொடுத்து விட்டார். "உன்கிட்ட எனக்குப் பிடிச்சதே இதான். எப்பவும் உன் அளவு தெரிஞ்சவன். பகட்டு கெடையாது."

விலையைச் சொல்ல வாய் எழுந்தது. சுற்றிலும் நாற்பது பேர். வாசலில் கார் நிறுத்தித் தரும் நான்கு பேர். இங்கே சொன்ன விலை சாயங்காலத்துக்குள் எந்தத் தெருமுனையில் போய் நிற்கும் என்பது யாருக்குத் தெரியும்? பின்னாலிருந்து சுலெய்டியின் விரல் அவர் இடுப்பை அழுத்தியது. விலையை விழுங்கினார்.

"முதலாளி, ஒரு நாள் ஏழாம் மேசையில..." என்று வேறு பக்கமாகத் தொடங்கினார்.

"ஏழாம் மேசை! சன்னலோரம்! அந்த மேசைக்குத்தான்டா அடிச்சுக்குவாங்க" என்று கிழவர் உற்சாகமானார். எந்தெந்தப் பெரிய மனிதர் அங்கே உட்கார்ந்தார் என்று அடுக்கினார். வக்கீல் அந்த வரிசையில் வரவில்லை. மாவு மூட்டை அறை வரவில்லை. மறைக்கவில்லை மனிதர், மறந்தே போய்விட்டார். அடாவ்தோவுக்கு அழுகை வந்தது. தக்காளிச் சாற்றைப் பார்த்துக்கொண்டு ஏழாவது உருண்டையை விழுங்கிவிட்டு எல்லோரையும் போல உட்கார்ந்தார்.

பேச்சு வேகத்தில் கிழவரின் கை சாற்றுத் தட்டில் பட்டுவிட்டது. முழங்கை வரை சிவப்பு. "கழுவிட்டு வரலாம்பா" என்றான் ஃபுல்வியோ. எர்மீனியோ தங்கக் கடிகாரத்தைக் கழற்றினார். திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கத்தில் இருந்த கையில் வைத்தார். "இதப் பிடிடா" என்று சொல்லிவிட்டு மகனைப் பிடித்துக்கொண்டு போனார்.

அது அடாவ்தோவின் கை.

பாரமாக இருந்தது. அவர் எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. மேசையில் வைக்கலாம், யாராவது எடுத்துவிட்டால்? வேறு யாரிடமாவது கொடுக்கலாம். கொடுத்ததை யார் பார்த்தார்கள்? உள்ளங்கையை விரித்து, கையை உடம்பிலிருந்து தள்ளி, கூடத்துக்கு நடுவே நீட்டியபடி நின்றார். வாத்தியார் கடிகாரம் சட்டைக் கைக்குள் போய்விட்டிருந்தது.

ஃபுல்வியோவின் மனைவி ரொட்டித் தட்டோடு அந்தப் பக்கம் வந்தாள். "அட, மாமாவோட வாட்ச்!"

"அவருதான் குடுத்தாரு. கை கழுவப் போயிருக்காரு. அவரேதான் பிடிச்சுக்கச் சொன்னாரு" என்றார் அடாவ்தோ, மூச்சு விடாமல்.

"ஆமா, பாத்தேன்" என்று அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

சுலெய்டி அண்ணாந்து பார்த்தாள். "என்னய்யா இது, பிச்சைக்காரன் மாதிரி கைய நீட்டிக்கிட்டு நிக்கிற? அவரு வர வரைக்கும் பாக்கெட்ல போட்டுக்கிட்டு உக்காந்து சாப்பிடேன்."

"பாக்கெட்லயா?" என்றார்.

"ஆமா. அதுல என்ன?"

"வேண்டாம் சுலெய்டி. எல்லாருக்கும் தெரியற மாதிரி இருக்கட்டும்."

எர்மீனியோ வருவதற்கு நேரமாயிற்று. நியோக்கி ஆறிப்போனது. கை வலித்தது. சுலெய்டி சட்டையைப் பிடித்து இழுத்தும் அவன் உட்காரவில்லை, கையையும் மூடவில்லை.