ஓரம் கறுத்த அட்டை

எதிரிகளிடம் பிடிபட்டபோது ஏகாம்பரம் குதிரையின் மேல் இருந்தான். பிடிபட்ட நிலையிலேயே கைதியை வைத்திருக்க வேண்டும் என்பது அந்த முகாமின் விதி. ஆகவே ஏழு மாதமாக அவனைக் குதிரையின் மேலேயே வைத்திருந்தார்கள். அறையின் கூரையும் அதற்கேற்ற உயரம். குதிரையின் பெயர் பவளம்.

பக்கத்து அறையில் ஜமேதார் காதர் பாஷா இருந்தார். சவரம் செய்துகொண்டிருந்தபோது பிடிபட்டவர். தினமும் காலையில் காவலாள் வந்து அவருடைய இடது கன்னத்தில் புது நுரை தடவிவிட்டுப் போவான்.

"உனக்காவது துணைக்கு ஒரு ஜீவன் இருக்கு தம்பி. எனக்குப் பாதி மீசை" என்பார் பாஷா.

எதிரிகள் நல்ல தமிழ் பேசினார்கள். அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏழாம் மாதத்தில்தான் வீட்டுக்கு எழுத முதல் தபால் அட்டை கிடைத்தது. ஏகாம்பரத்துக்கு இருபத்திரண்டு வயது. ஆரணியில் எட்டாவது வரை படித்தவன். குதிரைப் படையில் சேரும்வரை வீட்டுக் கடிதங்கள் எல்லாம் அவன் கையெழுத்தில்தான் போகும். அட்டையைப் பவளத்தின் கழுத்தில் வைத்து, வரி கோணாமல் எழுதினான். 'நலம். நலமறிய ஆவல். உயிரோடு இருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவும்.'

தணிக்கை எழுத்தர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு தூரிகையை மையில் தோய்த்து, நான்கு ஓரத்திலும் கறுப்பாகப் பட்டை அடித்தார்.

"ஐயா, எங்க ஊர்ல கறுப்பு ஓரம்னா சாவுச் செய்தி. வாசல்லயே கிழிச்சுப் போட்டுட்டுத் தலை முழுகிடுவாங்க."

"படிச்சுட்டுத்தானே கிழிப்பாங்க?"

"எங்க அண்ணன் கறுப்பைப் பார்த்தாலே கிழிச்சிடும்."

"ஓரத்தை வெள்ளையா விட்டா யாராவது ஒரு வரி சேர்த்துடுவாங்க."

"மஞ்சள் தடவுங்களேன். அது நல்ல சேதிக்குத் தடவறது."

எழுத்தர் ஒரு தடித்த பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். "மஞ்சள் கையிருப்புல இல்ல" என்றார்.

அட்டை போயிற்று.

சில நாள் கழித்து அவன் பெயருக்கு ஒரு தபால் வந்தது. அதன் ஓரமும் கறுப்புத்தான். அச்சடித்த பத்திரிகை. இளைய சகோதரன் ஏகாம்பரம் போர்முனையில் காலமானபடியால், வெள்ளிக்கிழமை நடக்கும் பதினாறாம் நாள் காரியத்துக்குத் தாங்கள் தவறாமல் வர வேண்டும். இப்படிக்கு, நடேசன்.

அது எப்படித் தனக்கு வந்தது என்று ஏகாம்பரம் யோசிக்கவே இல்லை. தங்கை கல்யாணத்துக்கு உறவுக்காரர் பட்டியலை எழுதியது அவன்தான். ஒருவர் பெயரும் விட்டுப்போகக் கூடாது என்று முப்பத்தொன்றாவதாகத் தன் பெயரையும் எழுதி வைத்திருந்தான். அண்ணன் பட்டியலை அப்படியே பார்த்து விலாசம் எழுதியிருக்கிறான். முகாம் விலாசம் தெரிய வேண்டிய அளவுக்கு மட்டும் அட்டையைப் பார்த்திருக்கிறான்.

பத்திரிகையை எழுத்தரும் படித்திருந்தார்.

"அடுத்த வாரம் கைதிகளை மாத்திக்கிறாங்க. பட்டியல்ல உன் பேரும் இருக்கு. காரியம் முடிஞ்சா எடுத்துடுவோம். செத்தவங்களை அனுப்புறதில்ல."

"அப்போ நான் போய் நிறுத்தணும்."

"சாவுக்குத்தான் லீவு. இறந்தவர் உனக்கு என்ன உறவு?"

"நான்தான் ஐயா."

எழுத்தர் பதிவேட்டில் விரல் வைத்துப் பார்த்தார். "தாய், தகப்பன், உடன்பிறந்தோர், தான். இருக்கு. நாலாவது." அவர் முத்திரை குத்தினார். "ஒரு நாள். குதிரை ஜாமீன். நீ வரலைன்னா பரிமாற்றத்தன்னிக்குக் குதிரையைச் சுடுவோம். உன் பேர்லதான் சுடுவோம்."

ஏகாம்பரம் இறங்கினான். ஏழு மாதத்தில் கால்கள் குதிரையின் வடிவத்துக்கு வளைந்திருந்தன. பவளம் திரும்பி அவனை முதல் தடவை முழுசாகப் பார்த்தது.

"நேராப் போ. மூணாவது கதவு ஆரணி" என்றார் எழுத்தர்.

முதல் கதவுக்கும் இரண்டாவதற்கும் நடுவே கடல் இருந்தது. முழங்கால் அளவுதான். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே தாழ்வாரம் நீண்டுகொண்டே போனது. அவன் நின்றால் அதுவும் நின்றது. அதனால் நின்று நின்று போனான்.

மூன்றாவது கதவைத் திறந்தால் வீட்டு வாசல். பந்தல் போட்டிருந்தார்கள். மொட்டை அடித்த தலையோடு நடேசன் நின்றுகொண்டிருந்தான்.

"வாங்க. தம்பிகூட பட்டாளத்துல இருந்தீங்களா?"

"அண்ணே, நான்தாண்ணே. ஏகாம்பரம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. உள்ள நாலு பேர் உட்கார்ந்துகினு கீறாங்க. நீங்களும் போய் உட்காருங்க."

உள்ளே நான்கு சிப்பாய்கள் வரிசையாக இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேருக்கும் கால் வளைந்திருந்தது. ஒருவன் நகர்ந்து இடம் விட்டான்.

"நீயும் முப்பத்தொண்ணா?" என்று கேட்டான்.

"ஆமாம்."

"சாம்பார் நல்லா இருக்கு."

ஏகாம்பரம் உட்காரவில்லை. "என் கையெழுத்து உனக்குத் தெரியும்ல? பேப்பர் குடு" என்றான் அண்ணனிடம். நடேசன் யோசித்துவிட்டு ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்தான். ஏகாம்பரம் நிதானமாக எழுதினான். 'நலம். நலமறிய ஆவல்.' நடேசன் குனிந்து பார்த்தான். "அவன் எழுத்து மாதிரியே..." என்றான்.

அப்போது மை ஓடத் தொடங்கியது. எழுத்தை விட்டுவிட்டு ஓரத்துக்கு ஓடியது. நான்கு பக்கமும் போய்ச் சேர்ந்து, காய்ந்தது.

நடேசன் தாளை வாசலுக்கு எடுத்துப் போய்க் கிழித்துப் போட்டான். பிறகு தலை முழுகப் போனான். உள்ளே காரியம் முடிந்தது.

அம்மா கூடத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாலை போட்ட படத்தில் பவளம்தான் பெரிதாக விழுந்திருந்தது. மேலே உட்கார்ந்திருந்தவனின் தலையைச் சட்டம் வெட்டியிருந்தது.

"நீ அஞ்சாவது ஆளா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"கடைசில எப்படிப்பா இருந்தான்?"

"குதிரை மேல இருந்தான்."

"இறங்கவே இல்லியா?"

"ஒரு தடவை இறங்கினான்."

"எதுக்கு?"

"உங்களைப் பார்க்கணும்னு."

அம்மா தலையாட்டினாள். உள்ளே போய் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள். "ஊறவெச்ச கொள்ளு. அவன் குதிரைக்குக் குடு. அது என்னா பண்ணும் பாவம், அவன் இல்லாம" என்றாள். அவன் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு ஆறாவது ஆள் வந்தான்.

திரும்பும் வழியில் தாழ்வாரம் குட்டையாக இருந்தது. கடலும் இல்லை.

பவளம் கொள்ளைத் தின்றது. அவன் மேலே ஏறினான்.

"எப்படி நடந்துச்சு தம்பி?" என்றார் பாஷா.

"குறை ஒண்ணும் இல்ல. நல்ல கூட்டம்."

"நம்ம பக்கத்து ஆளுங்க?"

"நானே நிறைய."

பரிமாற்றத்தன்று பாஷாவை அழைத்துப் போனார்கள். பாதிச் சவரத்தோடுதான் போனார். குதிரையைச் சுடவில்லை. வாக்கு வாக்குத்தான் என்றார் எழுத்தர். ஏகாம்பரத்தின் பெயர் பட்டியலில் இல்லை.

அடுத்த மாதமும் அட்டை கொடுத்தார்கள். ஏகாம்பரம் நெடுநேரம் யோசித்தான். இனி அந்த வீட்டில் வளைகாப்பு வரும், காதுகுத்து வரும். ஒவ்வொன்றுக்கும் அண்ணன் பட்டியலைப் பார்த்து எழுதுவான், அம்மா அந்தப் பெயரைப் பார்ப்பாள். அவன் வரி கோணாமல் எழுதினான். 'அன்புள்ள அண்ணனுக்கு, உறவுக்காரர் பட்டியலில் முப்பத்தொன்றாவது பெயரை அடித்துவிடவும்.'

எழுத்தர் அட்டையைப் படிக்கவே இல்லை. தூரிகையையும் எடுக்கவில்லை.

"ஓரம் ஐயா?"

"செத்தவங்க கடிதத்துக்குத் தணிக்கை கிடையாது."

நான்கு ஓரமும் வெள்ளையாக இருந்தன. இந்த அட்டையை அண்ணன் வாசலில் கிழிக்க மாட்டான். உள்ளே எடுத்துப் போய், விளக்கடியில் வைத்து, அம்மாவுக்கு உரக்கப் படிப்பான்.

"இடம் இருக்கு" என்றார் எழுத்தர். "ஒரு வரி சேர்க்கணும்னா சேர்த்துக்கோ."

ஏகாம்பரம் அட்டையை வாங்கிப் பவளத்தின் கழுத்தில் வைத்தான். அது மூச்சு விடும்போதெல்லாம் அட்டை ஏறி இறங்கியது. அவன் பேனாவை ஓரத்தில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

பிறகு எழுதினான். 'குதிரை நலம்.'