ஓடைக்குள் இறங்கிய கோடு

பவுல்துரை பட்டுத் தறியில் உட்கார்ந்தால் ஒற்றை இழை அறுந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். செல்போனில் எந்தப் பட்டன் எதற்கு என்று மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை. அப்பேர்ப்பட்ட மனிதரின் கையில் ஜி.பி.எஸ். கருவியைக் கொடுத்துவிட்டு, மகள் ஜாக்குலின் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"வெட்டவெளியில நின்னுக்கோ. சாட்டிலைட் கெடைக்கிற வரைக்கும் அசையாத. அப்புறம் நெஞ்சுக்கு நேரா புடிச்சுகினு நட. பாக்கெட்ல போட்டுடாத."

"சரிம்மா."

"முக்கியமா, புதுசா எங்கயும் சுத்தாத. எப்பவும் எப்படிப் போவீங்களோ அப்படியே போ. ஒரு அடி கூட விலகக் கூடாது."

இந்தக் கடைசிப் பாடத்தைத்தான் அவர் மனப்பாடமாக வைத்துக்கொண்டார். பாழாய்ப்போன பாடம்.

விஷயம் இதுதான். ஆரணியை ஒட்டியிருந்த அவர்கள் காலனியிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு வண்டிப்பாதை உண்டு. நடுவில் ரைஸ் மில் திருமலையின் வீடு. மில்லைச் சுற்றியுள்ள நிலத்தைப் பிளாட் போடக் கிளம்பிய திருமலை, பாதையும் தன் நிலம்தான் என்றார். காலனிக்காரர்கள் மனு கொடுத்தார்கள். சர்வேயர் வந்தார்.

"வாயால சொன்னா செல்லாதுங்க. நீங்க பொணம் தூக்கினு போற வழி எதுவோ, அதை ஜி.பி.எஸ். வச்சு நடந்து காட்டுங்க. அப்படியே மேப்ல ஏத்திடறேன்," என்றார்.

செய்யாற்றில் ஒரு தனியார் சர்வே ஆபீசில் மேப் வரையும் ஜாக்குலின் அங்கிருந்து கருவியைக் கேட்டு வாங்கி வந்தாள். வழி மேப்பில் ஏறிவிட்டால் திருமலை என்ன, திருமலையின் அப்பனே வந்தாலும் வேலி போட முடியாது.

அவளே நடந்திருக்கலாம். ஆனால் சாவு ஊர்வலத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியோடு போகலாம். பிணத்தோடு போகக் கூடாது. அம்மா அந்தோணியம்மாளை ஐப்பசி மழையில் தூக்கிப் போனபோதும், அவள் தெருமுனை வேப்பமரத்தடியில் நின்று கதறிவிட்டு, வீட்டைக் கழுவத் திரும்பியவள்தான். ஊர் ஊராக மேப் வரைகிறவளுக்குத் தன் தாய் போன கடைசி வழி தெரியாது. அதை அவள் அதுவரை யோசித்ததே இல்லை.

புதன்கிழமை சர்வேயரும் காலனி ஆட்கள் சிலரும் கூட வர, பவுல்துரை கருவியை நற்கருணைப் பாத்திரம்போல ஏந்திக்கொண்டு நடந்தார். முடிந்த கையோடு சர்வேயர் பதிவைத் தன் லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வேலை முடிந்து வந்த ஜாக்குலின் கருவியைத் தன் கம்ப்யூட்டரில் செருகினாள். கோடு அழகாக ஓடியது. மில் வரைக்கும் பிசிறே இல்லை. திருமலை வீடு வந்ததும் சடாரென்று மடங்கி, பின்பக்கத்துக் கழிவுநீர் ஓடைக்குள் இறங்கி, அதிலேயே நெடுந்தூரம் போய், அந்தப் பக்கம் ஏறி மறுபடி பாதையில் சேர்ந்தது.

"யப்பா, மில்லுத் தகரத்தால சிக்னல் எகிறிடுச்சு போல. நீ நேரா நடந்ததை ஓடைல காட்டுது."

"எகிறலம்மா. ஓடைலதான் எறங்கினோம்."

"இன்னாத்துக்கு?"

"பொணம் போற வழின்னுதானே கேட்டாங்க? நம்ம பொணம் மில்லுக்காரங்க வாசலுக்கு எதிர்ல போகக் கூடாதே. எங்க தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான். ஒரு அடி கூட விலகக் கூடாதுன்னு நீயும் சொன்னே."

குரலில் பெருமை வேறு.

"அம்மாவை?"

"அன்னிக்கு மழைத் தண்ணி, இடுப்பளவு. பொட்டிய தலைக்கு மேல தூக்கிக்கினோம். நனையல ஜாக்கு. சத்தியமா நனையல."

திருமலை மேல் வந்த ஆத்திரத்தைவிட, நனையவில்லை என்று சத்தியம் செய்கிற அந்த முகத்தின் மேல் ஜாக்குலினுக்கு வந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது. கோட்டை மவுசால் இழுத்து நேராக்க அவளுக்கு ஒரு நிமிடம் போதும். என்ன செய்ய, பதிவு சர்வேயர் கைக்குப் போய்விட்டதே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளே கருவியோடு நேராக நடந்தாள். கூட வந்த அப்பா ஓடைக்கரையோடு நின்றுவிட்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த திருமலை தடுக்கவில்லை, சிரித்தார்.

"நடம்மா, தாராளமா நட. உசுரோட இருக்கறவங்களை நான் என்னைக்குத் தடுத்தேன்?"

மறுநாள் அந்த நேர்க்கோட்டை எடுத்துக்கொண்டு சர்வேயரிடம் போனாள். அவர் இரண்டு கோடுகளையும் பொறுமையாகப் பார்த்தார்.

"இது செல்லாதும்மா. உங்க பொம்பளைங்க பொணத்தோட போறதில்லன்னு உங்க ஆளுங்களே சொல்றாங்க. அப்புறம் நீங்க நடந்தது எப்படிக் கல்லறை வழியாவும்? உங்கப்பா நடந்தது பர்ஃபெக்டா கீது."

"சாக்கடைல பொணம் தூக்கினு போறது ஒரு வழியா சார்?"

"நானா எறங்கச் சொன்னேன்? மெஷின் பொய் சொல்லாதும்மா."

பொய் சொல்லவில்லைதான். அதுதான் கொடுமை. நாலு தலைமுறை வாய்விட்டுச் சொல்லாத கேவலத்தை அது துல்லியமாகச் சொல்லிவிட்டது.

தை பிறந்ததும் ஓடைக்குள் கல் நட்டு, 'கல்லறைப் பாதை' என்று மஞ்சள் பலகையும் வைத்தார்கள். வண்டிப்பாதையில் திருமலையின் கம்பிவேலி ஏறியது. தன் கால் நடந்த கோடு கவர்மெண்ட் மேப்பில் ஏறிவிட்ட சந்தோஷத்தில் பவுல்துரை தன்னோடு நெய்கிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். நம்ம வழியை இனி எவனும் மறிக்க முடியாது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அன்று இரவு சோறு போடும்போது ஜாக்குலினுக்குப் பொறுக்கவில்லை.

"கேட்டுக்கோப்பா. உன்னை அந்த ஓடை வழியா தூக்கினு போக நான் விடமாட்டேன்."

பவுல்துரை சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்தார். மகளைக் குத்திக் காட்டும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை.

"நீ எங்கம்மா பாக்கப் போறே? நீதான் தெருமுனையில நின்னுடுவியே," என்று சொல்லிவிட்டு, ரசத்துக்குத் தட்டை நீட்டினார்.